பென்சில் எண்கள்: ஒரே கிடார் புத்தகத்தில் படித்த அப்பாவும் மகளும்

பின்னணி

சென்னை நங்கநல்லூரில் என் வீட்டு மாடியறையில் கிடார் வகுப்பு நடத்துகிறேன். 2023 ஜூன் முதல் 2024 ஆகஸ்ட் வரை என்னிடம் படித்த ஓர் அப்பாவையும் மகளையும் பற்றியது இந்தக் குறிப்பு. அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாடம் சம்பந்தப்பட்டவை நடந்தபடியே இருக்கின்றன.

அப்பாவுக்கு 42 வயது, பாரிமுனையில் ஒரு வங்கியில் வேலை. கல்லூரி நாட்களில் நண்பனின் கிடாரில் இரண்டு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது) பிடித்ததோடு சரி. மகளுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் இரண்டு வருடம் கீபோர்டு வகுப்புக்குப் போயிருந்தாள். அம்மா சின்ன வயதில் கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் வரை பாட்டுக் கற்றவர். அவர் வகுப்பில் சேரவில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அது அப்புறம் வருகிறது.

"மாஸ்டர், ரெண்டு பேருக்கும் ஒரே டைம் குடுத்துடுங்க, வீட்லயும் சேர்ந்தே பிராக்டிஸ் பண்ணிக்குவோம்" என்று அப்பா கேட்டார். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. சனிக்கிழமை மாலை 5 மணி, 45 நிமிடம். கிடார் ஒன்றுதான், அப்பா தனக்காக வாங்கியிருந்த முழு அளவு ஸ்டீல் கம்பி கிடார். புத்தகமும் ஒன்றுதான்.

நான் பயன்படுத்துவது அமெரிக்கப் பதிப்பாளர்கள் போடும் வழக்கமான ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று. அந்த வகைப் புத்தகம் எப்படிப் போகும் என்பது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். முதலில் மெல்லிய முதல் கம்பியில் மூன்றே சுரம்: திறந்த கம்பி (விரலால் அழுத்தாதது) ஈ, முதல் ஃபிரெட்டில் (கிடார் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டி) எஃப், மூன்றாவதில் ஜி. இரண்டு மூன்று பக்கம் அந்த மூன்றிலேயே ஓடும். அடுத்து இரண்டாவது கம்பியில் பி, சி, டி. மூன்றாவதில் ஜி, ஏ. இப்படி ஆறாவது கம்பி வரை இறங்கிப் போகும். நடுநடுவே மூன்று கம்பியில் பிடிக்கும் சின்ன கார்டுகள். எல்லாம் ஐந்து கோட்டு நொட்டேஷனில், அதாவது கோடுகளில் புள்ளி வைத்துச் சுரத்தைக் காட்டும் மேற்கத்திய எழுத்து முறையில். ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்டுப் பார்க்க ஆடியோ உண்டு.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஏறும் படிக்கட்டோடு இதை ஒப்பிட்டுப் பெற்றோருக்குச் சொல்வது என் வழக்கம். ஓரளவுக்குத்தான் பொருந்தும். பாட்டு வகுப்பில் டீச்சர் பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும், நோட்டில் எழுதுவது ஞாபகத்துக்கு. கிடார் புத்தகத்தில் தாளைப் பார்த்து வாசிப்பதுதான் பாடமே. இந்த வித்தியாசத்தை எத்தனையோ பேருக்கு விளக்கிய நானே இந்த இருவர் விஷயத்தில் அதைக் கோட்டை விட்டேன்.

வேறு புத்தகம் யோசித்தேனா என்றால், யோசித்தேன். அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த வில்லியம் லெவிட் 1966-இல் வெளியிட்ட கிடார் பாடப் புத்தகத்தின் முதல் பாகம் என் அலமாரியில் இருக்கிறது. அதில் கம்பி கம்பியாகப் போகும் வேலையே இல்லை. சி மேஜரின் சுரங்கள் முதல் பொசிஷனில் (கழுத்தின் முதல் நான்கு ஃபிரெட்டுக்குள்) ஆரம்பத்திலேயே வந்துவிடும். டேப் (சுரத்துக்குப் பதில் கம்பியையும் ஃபிரெட் எண்ணையும் எழுதும் முறை) என்கிற பேச்சே கிடையாது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்கும் டூயட்கள் அருமையாக இருக்கும். ஆனால் அது வாசிக்கத் தெரிந்தவர்களுக்கோ, மணிக்கணக்கில் உட்காரத் தயாரானவர்களுக்கோ சரி. பத்து வயதுக் குழந்தைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

முதல் எட்டு வாரம் அப்பா பறந்தார். வாரம் மூன்று பக்கம், சில வாரம் நான்கு. ஜூலை கடைசியில் மூன்றாவது கம்பிக்கு வந்துவிட்டார். மகள் இரண்டாவது கம்பியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தாள். வாசிக்கும்போது முகத்தைச் சுளிப்பாள், விரல் நுனியைத் தேய்த்துக்கொள்வாள். "இவளுக்குக் கொஞ்சம் ஆர்வம் கம்மி மாஸ்டர்" என்றார் அப்பா, அவளை வைத்துக்கொண்டே. நானும் மறுக்கவில்லை.

சின்னச் சின்னக் குழப்பங்கள் வேறு. கீபோர்டில் கட்டைவிரல்தான் ஒன்று, கிடாரில் ஆள்காட்டி விரல் ஒன்று. புத்தகத்தில் 1 என்று போட்டிருந்தால் அவள் ஒரு கணம் கையைப் பார்ப்பாள். சுரத்தின் நேர அளவுகளைப் பள்ளியில் பிரிட்டிஷ் முறையில் குரோட்செட், மினிம் என்று படித்திருக்கிறாள், அமெரிக்கப் புத்தகமோ குவார்ட்டர் நோட், ஹாஃப் நோட் என்கிறது. சென்னையில் பிரிட்டிஷ் இசை வாரியங்களின் கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இந்த இரட்டைப் பெயர் எப்போதும் இடறும். அப்பாவுக்கு அமெரிக்கப் பெயர் உடனே பிடித்துப்போனது. "முழுசு, அரை, கால். கணக்கு சரியா வருது" என்றார். வங்கிக்காரர்.

ஜூலை கடைசி வாரம் புத்தகத்தைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு சுரத்துக்கு அடியிலும் பென்சிலில் பொடியாக எண்கள்: 0, 1, 3, 3, 1, 0. ஃபிரெட் எண்கள். முதல் கம்பிப் பாடம் முழுக்க அப்படியே எழுதியிருந்தார். இரண்டாவது கம்பி வந்ததும் 0 என்றால் எந்தக் கம்பியின் 0 என்ற சிக்கல். அதற்கு நீல மை. மூன்றாவது கம்பிக்குச் சிவப்பு. நேர்த்தியான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அதைப் பார்த்து நான் சிரித்தேன், அவ்வளவுதான். நான் செய்த முதல் தவறு அது. ஆரம்பத்தில் எல்லோரும் கொஞ்சம் எழுதிக்கொள்வார்கள், தானாக விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் செய்தது முட்டாள்தனம் அல்ல. ஸ்பெயினில் 1536-இல் லூயிஸ் மிலான் என்பவர் கிடாரின் உறவுக்கார வாத்தியமான விஹுவெலாவுக்கு ஒரு புத்தகம் அச்சிட்டார். அதில் ஆறு கோடு, ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி, கோட்டின் மேல் ஃபிரெட் எண், திறந்த கம்பிக்கு 0. மேல் கோடு மெல்லிய கம்பி, இன்றைய டேப் போலவே. எளிமையில் ஆரம்பித்துப் படிப்படியாகப் போகும் புத்தகம் அது. நம் வங்கி ஊழியர் மூன்று நிற மையில் அதையே மறுபடி கண்டுபிடித்திருந்தார். டேப்பை நான் கேவலமாகப் பார்ப்பதில்லை. ஆனால் அது விரலை எங்கே வைப்பது என்று மட்டும்தான் சொல்லும். என்ன சுரம், போன சுரத்திலிருந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கண்ணுக்குக் காட்டாது. இவர் எழுதியதில் நேர அளவும் இல்லை. அது அவருக்கு வேறு இடத்திலிருந்து கிடைத்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர்: இரண்டு சோதனைகள்

காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியில் வரும் பிரபலமான மெட்டை அப்பா வாசித்தார். பெரும்பாலான ஆரம்பப் புத்தகங்களில் இது இருக்கும். சி முதல் ஜி வரை ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும், மூன்றாவது வரியின் முடிவில் மட்டும் கீழே இறங்கி ஒரு ஜி. தவறே இல்லாமல் வாசித்தார். சரி, மூன்றாவது வரியிலிருந்து மட்டும் வாசியுங்கள் சார் என்றேன்.

முடியவில்லை. கண் மூன்றாவது வரியில் இருந்தது, உதடு முதல் வரியை முணுமுணுத்தது. முதல் இரண்டு வரியை மனதுக்குள் ஓட்டி முடித்தபிறகுதான் கை நகர்ந்தது. செய்யுளின் மூன்றாவது அடி என்ன என்று கேட்டால் முதல் அடியிலிருந்து சொல்லிக்கொண்டு வருவோமே, அது மாதிரி.

அங்கேயே ஒரு தாளில் நான்கு பார் (நம் தாளச் சுற்று மாதிரி) எழுதினேன். அவர்கள் இருவரும் படித்து முடித்த சுரங்கள்தான், ஆனால் நான் அப்போது இட்டுக்கட்டிய மெட்டு. யாரும் கேட்டிருக்க முடியாது. அப்பா ஒவ்வொரு சுரத்துக்கும் கீழிருந்து கோடுகளை எண்ணினார். நான்கு பாருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது, நடுவில் பென்சிலைத் தேடினார். மகள் ஒரு நிமிடத்துக்குள் முடித்தாள், சுரம் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் குவார்ட்டர், ஹாஃப், ரெஸ்ட் (வாசிக்காமல் விடும் நேரம்) எல்லாம் அவளுக்கு ஒரே நீளம். தந்தி அடிப்பது போல வாசித்தாள். தான் அப்படி வாசிப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று அதற்குமேல்தான் விசாரித்தேன். ஜூன் மாதமே கேட்டிருக்க வேண்டியது. அப்பா பழவந்தாங்கலில் ரயிலேறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்குகிறவர். போகும்போதும் வரும்போதும் காதில் புத்தகத்தின் ஆடியோவே ஓடும். ஒரு பாடத்தை வாரத்துக்கு முப்பது நாற்பது தடவை கேட்டுவிடுவார். மெட்டும் நேர அளவும் காது வழியாக வந்துவிட்டன, இடம் பென்சிலிலிருந்து வந்தது. அச்சிட்ட நொட்டேஷனை அவர் பார்க்கவே தேவைப்படவில்லை.

ஆடியோ அப்பாவின் போனில் இருந்ததால் மகள் அதைக் கேட்டதே இல்லை. புத்தகத்தில் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்கள். அங்கே வளரும் குழந்தைக்கு அந்த மெட்டுகள் முன்பே தெரியும், தப்பாக வாசித்தால் காதே சொல்லிவிடும். புத்தகம் அந்தக் காதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நங்கநல்லூர்க் குழந்தைக்கு அந்தப் பாட்டு சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? ஆக, அப்பா முழுக்கக் காதாலும் மகள் முழுக்கக் கண்ணாலும் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்க எண்ணை வைத்து அப்பா முன்னே, மகள் பின்னே என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மகளைப் பற்றிய என் எண்ணம் மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே நாள் கிளம்பும்போது, "சார், இந்த சி-யைக் கீபோர்டுல வாசிச்சா ஏன் கிடாரை விட ஹையா கேக்குது?" என்றாள். கிடார் நொட்டேஷனை எழுதுவது ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே, ஒலிப்பது ஒரு ஆக்டேவ் கீழே. வருடக்கணக்கில் வாசிக்கும் பலருக்கே இது தெரியாது. ஆர்வம் இல்லாத பிள்ளை இதைக் கேட்காது.

கிடாரின் அளவு

விரல் வலிக்கும் காரணத்தை அளந்தே பார்த்தேன். அந்தக் கிடாரின் கம்பி நீளம் 645 மி.மீ. நட்டிலிருந்து (கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) மூன்றாவது ஃபிரெட் வரை சுமார் 103 மி.மீ. வருகிறது. வகுப்பில் இருந்த முக்கால் அளவு நைலான் கிடாரின் கம்பி நீளம் 580 மி.மீ., அதில் அதே தூரம் 92. ஒரு செண்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆள்காட்டி விரலை ஒன்றாவது ஃபிரெட்டில் வைத்துக்கொண்டு மோதிர விரலை மூன்றாவதுக்கு நீட்டும் பத்து வயதுக் கைக்கு அது பெரிய தூரம். ஸ்டீல் கம்பியின் இழுவிசை வேறு. அவள் ஜி வாசிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. இது முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

நேராக, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று 42 வயதுக்காரரிடம் சொன்னால் முகம் விழுந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அம்மாதான் வழி காட்டினார். அந்த வருடம் அக்டோபர் 24 விஜயதசமி. ஆயுத பூஜையன்று கிடாரையும் புத்தகத்தையும் பூஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு எடுத்து முதல் பாடம் வாசிங்க. எங்க பாட்டு டீச்சர் வருஷா வருஷம் எங்களை சரளி வரிசை பாட வைப்பாங்க, வர்ணம் பாடறவங்களும்தான்" என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

இருவரையும் பிரித்தேன். மகளுக்குச் சனிக்கிழமை மாலை, அப்பாவுக்கு ஞாயிறு காலை ஏழரை. ஒரே வகுப்பில் இருந்தால் அப்பாவின் வேகம் மகளைச் சுருக்குகிறது, மகள் முன்னால் தடுமாற அப்பாவுக்குக் கூச்சம்.

அப்பாவுக்குப் புதிய பிரதி வாங்கச் சொன்னேன். பென்சிலைத் தடை செய்யவில்லை. ஒரே இடத்தில் இரண்டு தடவை தப்பு வந்தால் அந்தச் சுரத்தை வட்டமிடலாம், எண் எழுதக் கூடாது. புதுப் பாடத்தில் முதலில் தாளத்தை மட்டும் கையில் தட்ட வேண்டும், பிறகு சுரத்தின் பெயரை வாயால் சொல்ல வேண்டும், அப்புறம் வாசிப்பு, கடைசியில்தான் ஆடியோ. இதற்கு மேல் நான் எழுதிக் கொடுக்கும் நான்கு பார், நாளுக்கு ஒன்று. இதை மட்டும் கொடுத்தால் ஓடிவிடுவார் என்பதால் வகுப்பில் பாதி நேரம் சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடிப்பது என்று வைத்தேன், அதுவும் காதால் கேட்டுக் கண்டுபிடித்து. அவருடைய காது உண்மையிலேயே நல்ல காது. அதை ஒரு குறையாக அவர் நினைக்கக் கூடாது என்பது என் கவலை.

மகளுக்கு வரிசையைத் திருப்பினேன். முதலில் ஆடியோவை மூன்று முறை கேள், பிறகு லா லா என்று பாடு, பாடிக்கொண்டே தாளம் போடு, அப்புறம் புத்தகத்தைத் திற. முக்கால் அளவு கிடாரை இரவல் கொடுத்தேன். வீட்டில் தாளத்துக்கு அம்மா பொறுப்பு.

இந்த இடத்தில் டேப் புத்தகத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அப்பாவுக்கு மட்டுமென்றால் மாற்றியிருப்பேன். கேட்ட பாட்டை வாசிப்பதுதான் அவருடைய ஆசை, அதற்கு நொட்டேஷன் கட்டாயமில்லை. ஆனால் சேரும்போதே அவர் சொன்னது, "பேப்பரைப் பார்த்து வாசிக்கணும் மாஸ்டர், அது என்னோட ஆசை." அதற்குத்தான் பணம் கட்டுகிறார். எளிதாக இருக்கிறது என்று நான் வேறொன்றைக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

தொடர்ந்து நடந்தவை

நவம்பர் மோசம். முதல் கம்பியின் மூன்று சுரத்தை எண் இல்லாமல் வாசிக்க அப்பா திணறினார். இரண்டு ஞாயிறு வரவில்லை. "ஆடிட்" என்று செய்தி வந்தது. நம்பினேன், ஆனால் முழுசாக நம்பவில்லை. அந்த மாதம் அவரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். அவர்கள் தெருவில் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லாததால் ஆடியோ இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புத்தகம் மட்டும் இருந்திருக்கிறது. இரண்டாவது கம்பியின் கடைசிப் பாடத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. அதைத் தாளிலிருந்தே எடுத்து வாசித்துவிட்டார். கரண்ட் வந்தபிறகு ஆடியோவைப் போட்டுப் பார்த்தால் அதுவும் தான் வாசித்ததும் ஒன்று. "வேற வேலை இல்ல மாஸ்டர், அதான்" என்று சாதாரணமாகச் சொன்னார், ஆனால் அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். இதற்கு என் திட்டம் காரணமா, புயல் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. (அந்த ஈரத்தில் அவருடைய ஸ்டீல் கம்பிகள் துருப்பிடித்துப்போய் ஆறையும் மாற்ற வேண்டியிருந்தது. கடலோர ஊரில் இது வாடிக்கைச் செலவு.)

மகளுக்கு மூன்று பீட் பாடங்கள்தான் திருப்புமுனை. எவ்வளவு சொல்லியும் அவள் நான்காகவே எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு நாள் ரூபக தாளத்தைச் சுருக்கமாகப் போடும் முறையில், இரண்டு தட்டு, ஒரு வீச்சு, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த வாரம் வந்தபோது தந்தி அடிப்பு போய்விட்டது. முதல் பாரில் ஒரே ஒரு சுரத்தோடு பாட்டு தொடங்கும் பாடங்கள் சில உண்டு. மூன்றாவது பீட்டில் எடுத்து, அடுத்த பாரில் அழுத்தம் விழும். அதை நான் மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) வைத்துக்கொண்டு இருபது நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் காத்திருந்த அம்மா, "எடுப்பு சமத்துல இல்லடி, தள்ளி இருக்கு" என்றார். பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம்தான் எடுப்பு, தாளத்தின் முதல் அடிதான் சமம். அவளுக்குப் புரிந்துவிட்டது. "எடுப்பு" என்ற வார்த்தை எனக்குத் தெரியும், ஆனால் வகுப்பில் அது ஒரு நாளும் என் வாயில் வந்ததில்லை. இப்போது வருகிறது.

பிப்ரவரியில் முதல் கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில் உயர் ஏ வந்தது. அதுவரை எல்லாப் பாடத்திலும் ஃபிரெட் எண்ணும் விரல் எண்ணும் ஒன்றுதான்: முதல் ஃபிரெட்டுக்கு முதல் விரல், மூன்றாவதுக்கு மூன்றாவது. இங்கே ஐந்தாவது ஃபிரெட்டை நான்காவது விரலால் பிடிக்க வேண்டும். பென்சில் எண்களோடு அப்பா இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். எண் இல்லாமல் வந்ததால், சுரத்தின் பெயரைச் சொன்னார், இடத்தைத் தேடினார், விரலைக் கேட்டார். ஒரு நிமிட வேலையாக முடிந்தது.

மார்ச், ஏப்ரல் மகளின் முழுஆண்டுத் தேர்வு, வகுப்பு சரியாக நடக்கவில்லை. மே மாத விடுமுறையில் அவள் தினமும் வாசித்து, மாதக் கடைசியில் முதல் புத்தகத்தை முடித்தாள். அப்பா அப்போது ஐந்தாவது கம்பியில் இருந்தார்.

ஜூனில் இருவரையும் சேர்த்து ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னேன், மகள் மெட்டு, அப்பா கார்டு. முதல் மூன்று தடவையும் உடைந்தது. அப்பா வேகம் பிடிக்கிறார், மகள் நின்றுவிடுகிறாள். நான்காவது தடவை, "அப்பா, நீ ஓடாத, என் தாளத்துல வா" என்றாள். அன்றைக்கும் கடைசி வரை போகவில்லை.

2024 ஆகஸ்டில் நிலை

அப்பா நான்கு கம்பி வரை புது வரியை மெதுவாக, நிற்காமல் வாசிப்பார். ஐந்தாவது, ஆறாவது கம்பியின் துணைக்கோட்டுச் சுரங்களில் (ஐந்து கோட்டுக்குக் கீழே குட்டிக் கோடு போட்டு எழுதுபவை) இன்னமும் எண்ணுகிறார். புத்தகத்தை முடிக்கப் போவதில்லை, இது போதும் என்று அவரே சொல்லிவிட்டார். கார்டு பிடித்துப் பாடுவதில்தான் மனசு. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மகள் இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறாள். கிரேடு தேர்வுகளில் ஆரம்பப் படியான இனிஷியல் கிரேடு எழுத வைக்கலாமா என்று அம்மா கேட்டார், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளியிருக்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறியதில் வகுப்பு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது. அவளிடம் ஒரு குறை அப்படியே இருக்கிறது. தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றைச் சொல்லி, முதல் வரியை நீயே கம்பியில் தேடு என்றால் கையைக் கட்டிக்கொள்கிறாள். "நோட்ஸ் குடுங்க சார்" என்கிறாள். அப்பாவிடம் இருப்பதில் கொஞ்சம் இவளுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இன்றைக்கென்றால்

யார் சேர்ந்தாலும் நான்காவது வாரம், கேட்டிராத நான்கு பாரை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். இவர்கள் விஷயத்தில் இந்தச் சோதனை பதினைந்தாவது வாரம்தான் நடந்தது. முன்பே நடந்திருந்தால் அப்பாவுக்கு நவம்பர் அவ்வளவு கசந்திருக்காது. புத்தகத்தில் பாடம் நடத்தும்போது நான் முதலில் வாசித்துக் காட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஆடியோவைக் குறை சொல்லும் நான் வகுப்பில் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

குழந்தை சேர்ந்தால் பாடத்துக்கு முன் கிடாரை அளக்கிறேன். பொருந்தாத கிடார் என்றால் இரவல் கொடுக்கிறேன், இல்லையென்றால் காத்திருக்கச் சொல்கிறேன். அப்பா மகள், அண்ணன் தம்பி என்று சேர்ந்து வந்தால் ஒரே நேரம் தருவதில்லை. மாதம் ஒரு தடவை மட்டும் சேர்த்து உட்கார வைக்கிறேன். வீட்டில் யாருக்காவது தாளம் போடத் தெரியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன். சென்னையில் இந்தக் கேள்விக்குப் பத்தில் பாதி வீட்டிலாவது ஒரு அம்மாவோ பாட்டியோ கையைத் தூக்குவார்கள் என்று நம்புகிறேன், இதுவரை கேட்ட வீடுகளில் அப்படித்தான்.

பென்சில் விஷயத்தில் மட்டும் இன்னும் தெளிவில்லை. வட்டமிடலாம், எண் எழுதக் கூடாது என்ற விதி அப்பாவுக்கு வேலை செய்தது. அதே விதியைப் போன மாதம் சேர்ந்த 60 வயதுப் பெண்மணிக்குச் சொன்னேன். "கண்ணு சரியாத் தெரியல தம்பி, எழுதிக்கிறேனே" என்றார். எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நான்காவது வாரம் பார்க்க வேண்டும்.